வெயில் வியாபாரம்: கேள்வி பதில்

போன இதழில் "சோலார் போடலாமா?" என்று ஒரு வாசகி கேட்டதற்கு நாலு வரி பதில் எழுதினேன். கேள்வியோடு அவர் பெயரும் ஊரும் அச்சாகிவிட்டன. சின்ன ஊர், விசாரித்துப் போக எவ்வளவு நேரமாகும்? ஒரே வாரத்தில் பதினோரு சோலார்க்காரர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்களாம். "அண்ணாச்சி, காப்பி போட்டே பால் தீர்ந்துபோச்சு" என்று போனில் சொன்னார். அதனால் இந்த முறை ஊர் மட்டும்தான், பெயர் கிடையாது.

என்னைத் தெரியாதவர்களுக்கு: பாளையங்கோட்டையில் கடை. ஆரம்பத்தில் ரேடியோ, டிவி ரிப்பேர், அப்புறம் யு.பி.எஸ்., இன்வெர்ட்டர், 2009-லிருந்து சோலார். ஆகவே பதில்களில் வியாபாரி புத்தியும் கொஞ்சம் கலந்திருக்கும். பார்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 3 கிலோவாட்டுக்கு மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கினேன். ஒருவர் 1,68,000, இன்னொருவர் 1,95,000, மூன்றாமவர் 2,15,000. பேனல் மூவருக்கும் ஒரே கம்பெனி. எதற்கு இவ்வளவு வித்தியாசம்? எங்களுக்கு இரண்டு மாதத்துக்கு 350 யூனிட் ஓடும். (வாசகி, மேலப்பாளையம்)

பதில்: வித்தியாசத்துக்கு அப்புறம் வருகிறேன் அம்மா. முதலில் அந்த 350-ஐப் பார்ப்போம். அதில் முதல் 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம். நீங்கள் காசு கொடுப்பது மீதி 250-க்கு. அதுவும் 500-ஐத் தாண்டாததால் மலிவான விகிதத்தில். பில் ஆயிரம் ரூபாய்க்குள்தானே வருகிறது? நம் பக்கத்து வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும், இரண்டு மாதத்துக்கு 240. உங்களுக்கு வேண்டியதே ஒரு கிலோவாட்தான்.

அப்படியானால் மூன்று பேரும் ஏன் மூன்றையே எழுதிக் கொடுத்தார்கள்? 2024 பிப்ரவரியில் வந்த பி.எம். சூர்ய கர் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் மானியம், இரண்டுக்கு 60,000, மூன்றுக்கு 78,000. அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் அதே 78,000. ஆக, விற்கிறவன் வாய் தானாக மூன்றில் போய் நிற்கும். நானும் பல பேருக்கு மூன்றுதான் எழுதிக் கொடுத்திருக்கிறேன், பொய் சொல்லவில்லை. சீக்கிரம் ஏ.சி. வாங்கப் போகிறீர்கள், மாவு மில் வைக்கப் போகிறீர்கள் என்றால் இரண்டோ மூன்றோ போடுங்கள். இல்லையென்றால் வேண்டாம்.

பலர் நினைப்பதுபோல எனக்குப் போட்டி எதிர்த்த கடைக்காரர் இல்லை. ஈபி-யின் மானியக் கரண்ட்தான். 500 யூனிட்டைத் தாண்டுகிற வீட்டில் கட்டணம் படியேறிப் போகும், அங்கே சோலார் சுலபமாக ஜெயிக்கும். 200 யூனிட் வீட்டில் ஈபியை ஜெயிக்க ஆளே கிடையாது. வயலில் சொல்லவே வேண்டாம். பம்ப்செட்டுக்கு இலவச மின்சாரம் வாங்கிவிட்ட விவசாயியிடம் போய் "சோலார் மோட்டார் போடுங்க" என்று சொன்னால், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார். இணைப்புக்குப் பதிவு போட்டுக் காத்திருக்கிறவர்தான் வேளாண் பொறியியல் துறை மானியத்தில் சோலார் பம்புக்கு வருவார்.

இப்போது உங்கள் கொட்டேஷன்களில் இருக்கிற 47,000 ரூபாய் வித்தியாசத்துக்கு வருவோம். பேனல் மூவருக்கும் ஒரே மாதிரி, பேனல் கரண்டை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தருகிற இன்வெர்ட்டரும் ஏறக்குறைய ஒரே மாதிரி. அப்போது வித்தியாசம் எங்கே இருக்கும்? பேனலைத் தாங்குகிற கம்பியில், கம்பியை இறுக்குகிற போல்டில், பூமிக்குள் போகிற எர்த்தில். நாலு வருடத்துக்கு முன் ஓர் ஆடி மாதம் வள்ளியூர் பக்கத்தில் ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். வேறொருவர் போட்டுக் கொடுத்த வேலை. கச்சான் காற்று அடித்ததில் இரண்டு பேனல் தட்டட்டியிலிருந்து கிளம்பி, பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டகைக் கூரையில் போய்ப் படுத்திருந்தது. மாடு தப்பித்தது. மேலே ஏறிப் பார்த்தேன். கிளாம்ப் போல்ட் ஒன்றைக் கையில் எடுத்து நகத்தால் கீறினேன், துரு மாவாக உதிர்ந்தது. வெள்ளி மாதிரி மினுங்க முலாம் பூசிய சாதாரண இரும்பு போல்ட். அதில் ஸ்டீல் போல்ட் போட்டிருந்தால் ஒன்றுக்குச் சில ரூபாய்தான் கூடுதல். ஜி.ஐ. பைப்பும் கனம் கம்மி, கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் வைத்து அமுக்கினால் நெளியும்போல இருந்தது. அந்த வீட்டுக்காரர் மலிவான கொட்டேஷனை வாங்கியவர். பேனலுக்கு 27 கிலோ கனம் இருந்தாலும் காற்றுக்கு அது பட்டம்தான்.

மூன்று கொட்டேஷன்காரர்களிடமும் இதைக் கேளுங்கள்: பைப் எத்தனை மில்லிமீட்டர் கனம், போல்ட் எஸ்.எஸ்.304 என்கிற துருப்பிடிக்காத ஸ்டீல்தானா, பேனலிலிருந்து இன்வெர்ட்டருக்கு வருகிற டி.சி. கேபிள் தாமிரமா, பேனலுக்கும் இன்வெர்ட்டருக்கும் இடிதாங்கிக்கும் எர்த் குழி தனித்தனியா. நாலுக்கும் எழுத்தில் பதில் தருபவரிடம் வாங்குங்கள். அவர் 2,15,000-காரராகத்தான் இருக்க வேண்டுமென்று இல்லை.

கேள்வி: என் மகள் இங்கே சிப்காட்டில் பேனல் ஆலையில் வேலை பார்க்கிறாள். எங்கள் ஊரிலேயே செய்கிறார்கள், எங்கள் ஊரில் ஏன் மலிவாகக் கிடைக்கவில்லை? (கங்கைகொண்டான்)

பதில்: நியாயமான கேள்வி. பத்தமடைப் பாய் பத்தமடையில் மலிவுதானே என்கிற கணக்கு. ஆனால் கோரை நம் ஆற்றங்கரையில் வளர்ந்தது. பேனலின் கோரை இங்கே வளர்வதில்லை.

பேனல் பிறக்கிற வழியை இட்லியாகச் சொல்கிறேன். மணலிலிருந்து சுத்தப்படுத்தி எடுக்கிற பாலிசிலிக்கன் நெல். அதை உருக்கிக் கட்டியாக்கி, முடி கனத்துக்கு அறுத்தெடுக்கிற வேஃபர் அரிசி. வேஃபரில் வேதியியல் வேலையெல்லாம் செய்து மின்சாரம் தருகிற செல்லாக்குவது மாவு. செல்களைக் கோத்துக் கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவில் அடுக்கி ஒட்டினால் பேனல், அதுதான் இட்லி. கங்கைகொண்டானில் டாடா பவர் ஆலை மாவும் அரைக்கிறது, இட்லியும் அவிக்கிறது. 2022-ல் ஒப்பந்தம் போட்டு, 2025 பிப்ரவரி 6-ஆம் தேதி முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்துவைத்தார். வருடத்துக்கு 4,300 மெகாவாட் பேனல் செய்கிற திறன். கமுதியில் 2016-ல் வந்த 648 மெகாவாட் நிலையத்தை உலகமே திரும்பிப் பார்த்தது, ஞாபகம் இருக்கும். இந்த ஆலை ஒரு வருடத்தில் அது மாதிரி ஆறுக்கும் மேல் செய்துவிடும். வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் உங்கள் மகளைப் போன்ற பெண்கள் என்பது எனக்கு இதையெல்லாம்விடப் பெரிய செய்தி.

ஆனால் அரிசி? இந்தியாவுக்கு வருகிற வேஃபரில் பெரும்பகுதி சீனத்தது. சர்வதேச எரிசக்தி முகமை 2022-ல் கணக்குப் போட்டபோது, நான் மேலே சொன்ன ஒவ்வொரு கட்டத்திலும் சீனாவின் பங்கு 80 சதவீதத்துக்கு மேல். அரிசி விலை அங்கே தீர்மானமாகும்போது இட்லி விலையை இங்கே எப்படிக் குறைப்பது?

அப்புறம் வேலி. 2022 ஏப்ரல் 1 முதல் வெளிநாட்டுப் பேனலுக்கு 40 சதவீதமும் செல்லுக்கு 25 சதவீதமும் சுங்க வரி போட்டார்கள். அரசு ஒப்புக்கொண்ட கம்பெனிகளின் பட்டியலில் இல்லாத பேனலை அரசுத் திட்டங்களில் போட முடியாது என்ற விதி 2024 ஏப்ரலிலிருந்து மறுபடி அமலில் இருக்கிறது. வீட்டு மானியம் வேண்டுமென்றால் செல்லும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும். கடையில் இதை டி.சி.ஆர். பேனல் என்போம். இட்லி அவிக்கிற கடை நாட்டில் ஏராளம், மாவு அரைக்கிற கடை கொஞ்சம். அதனால் டி.சி.ஆர். பேனலுக்கும் மற்றதுக்கும் வாட்டுக்கு ஏழெட்டு ரூபாய் வித்தியாசத்தில் நான் வாங்கியிருக்கிறேன். மூன்று கிலோவாட்டுக்குப் பெருக்கிப் பாருங்கள், மானியத்தில் ஒரு பகுதி அந்த வழியாக ஆலைக்குப் போய்ச் சேருவது தெரியும். உங்கள் மகள் சம்பளமும் அதிலிருந்துதான் வருகிறது என்பதால் நான் முணுமுணுப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கேள்வி: சூரியனுக்கு ஜி.எஸ்.டி. உண்டா? (வீரவநல்லூர்)

பதில்: இன்னும் இல்லை. பேனலுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதம் 5 ஆகிவிட்டது. மாட்டிக் கொடுக்கிற கூலியையும் சேர்த்து மொத்த வேலையாகப் பில் போட்டால் 70 பங்கு பொருள், 30 பங்கு சேவை என்று பிரிப்பார்கள். சேவைக்கு 18 சதவீதம். கூட்டிக் கழித்தால் 8.9 வரும், முன்பு 13.8. இன்னமும் 13.8 எழுதுகிற கொட்டேஷன் ஒன்றைப் போன மாதம் பார்த்தேன்.

கேள்வி: நான் எம்.பி.ஏ. மாணவன். நிர்வாகவியல் பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் 1979-ல் சொன்ன ஐந்து போட்டி விசைகளைச் சோலார் துறைக்குப் பொருத்தி ஒரு கட்டுரை எழுத வேண்டும். உங்கள் அனுபவத்தில் எது வலுவானது? (அபிஷேகப்பட்டி)

பதில்: தம்பி, கட்டுரையை நான் எழுதிக் கொடுக்கிற மாதிரி கேட்டிருக்கிறீர்கள். போட்டியாளர், புதிதாக வருபவர், மாற்றுப் பொருள், சரக்குக் கொடுப்பவர், வாங்குபவர், இவர்கள்தானே அந்த ஐந்து? மாற்றுப் பொருள் யாரென்று மேலப்பாளையம் அம்மாவுக்குச் சொல்லியாயிற்று. வாங்குபவர் பாடம் கீழே மானூர்க்காரருக்கு வருகிறது, புதிதாக வருபவர் கடைசியில். நீங்கள் கவனிக்க வேண்டியது சரக்குக் கொடுப்பவரை.

பாடப்படி, சரக்கில் 80 சதவீதம் ஒரே இடத்திலிருந்து வந்தால் அந்த இடத்துக்காரர் கொழிக்க வேண்டும். நடந்தது என்ன? 2008-ல் பாலிசிலிக்கன் கிலோ 400 டாலருக்கு மேல் போயிற்று. ஆளாளுக்கு ஆலை கட்டினார்கள், விலை விழுந்தது. ஒரு சமயம் உலகத்திலேயே பெரிய பேனல் கம்பெனியாக இருந்த சீனாவின் சன்டெக், 2013-ல் கடனைக் கட்ட முடியாமல் திவாலானது. 2022-ல் திரும்பவும் கிலோ 40 டாலரை நெருங்கியது, திரும்பவும் ஆலை கட்டினார்கள். 2023 ஒரே வருடத்தில் பேனல் விலை பாதியானது. 2024-ல் சீனாவின் முதல் வரிசைக் கம்பெனிகளே நஷ்டக் கணக்குக் காட்டின. நமக்கு எதிரே நிற்கும்போது மலை, தங்களுக்குள் மோதும்போது சோளத்தட்டை.

இதைப் புரிந்துகொள்ள அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஒரு நாள் தூத்துக்குடிக்குப் பஸ் ஏறுங்கள். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் உப்பளம். அங்கேயும் மூலதனம் வெயில்தான். கோடை நன்றாக அடித்தால் எல்லாப் பாத்தியிலும் உப்பு விளையும், எல்லார் அம்பாரமும் ஒரே வெள்ளை. இவர் உப்புக்கும் அவர் உப்புக்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. அப்போது விலையை யார் சொல்வார்? வாங்க வந்த லாரிக்காரர். பேனலும் இன்று உப்பாகிவிட்டது. 2009-ல் நான் விற்பனைக்கு வாங்கிய முதல் பேனல் 75 வாட், விலை 12,000 ரூபாய். மூன்று மாதம் விற்காமல் கடைமுகப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் அதை நானே வைத்துக்கொண்டேன். இன்று அதைவிடக் குறைந்த விலைக்கு 550 வாட் பேனல் வாங்கலாம். ஏழு மடங்கு சக்தி. "எங்கள் பேனல் தனி ரகம்" என்று என் கடைக்கு வராத ஏஜெண்ட் கிடையாது. பின்னால் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரை உரித்துவிட்டு நாலை வரிசையாக வைத்தால் எனக்கே அடையாளம் தெரியாது.

நம் நாட்டிலும் அந்த உப்பு அம்பாரம் ஏறிக்கொண்டிருக்கிறது. 2025 ஆகஸ்டில் அரசுப் பட்டியலில் உள்ள பேனல் ஆலைகளின் திறன் 1,00,000 மெகாவாட்டைத் தாண்டியது. 2024-25 நிதியாண்டில் நாடு முழுக்க மாட்டிய சோலார் 24,000 மெகாவாட்டுக்குச் சற்றுக் குறைவு. மீதியை அமெரிக்காவுக்கு ஏற்றலாம் என்றிருந்தார்கள், அதே ஆகஸ்டில் அங்கே இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி விழுந்தது. இதை வைத்து உங்கள் கட்டுரையை எழுதுங்கள். முன்னுரையில் "சூரியன் ஒரு வற்றாத ஆற்றல் மூலம்" என்று மட்டும் ஆரம்பிக்க வேண்டாம், பேராசிரியர்கள் பாவம்.

கேள்வி: 30 ஏக்கர் மானாவாரி நிலம் இருக்கிறது. சோலார் கம்பெனிக்கு 28 வருடக் குத்தகைக்குக் கேட்டு ஒரு புரோக்கர் அலைகிறார். "வெளியே யாரிடமும் பேசாதீங்க, ரேட் கெட்டுப்போகும்" என்கிறார். கொடுக்கலாமா? (மானூர் பக்கம்)

பதில்: பேசுங்கள். நாலு பேரிடம் பேசுங்கள். கெடப்போகிற ரேட் அவருடையது.

உங்களுக்கு எதிரில் உட்காருகிறவர் எந்த நெருக்கடியில் வருகிறார் என்பதைத் தெரிந்துகொண்டால் பேரம் பேச வரும். 2010-ல் தேசிய சோலார் திட்டத்தின் முதல் ஏலங்களில் கரண்ட் யூனிட் 12 ரூபாய் வாக்கில் போயிற்று. கமுதி நிலையத்துக்கு நம் மின்வாரியம் ஒத்துக்கொண்டது 7 ரூபாய் 1 பைசா. 2017-ல் ராஜஸ்தான் பட்லாவில் 2.44. 2020 டிசம்பரில் குஜராத்தில் 1.99. வாங்குவது அரசு, விற்க வருவது ஐம்பது கம்பெனி. யார் குறைத்துக் கேட்கிறாரோ அவருக்கு 25 வருட ஒப்பந்தம். அப்படிப் பைசா பைசாவாகக் குறைத்தவர் அந்தப் பைசாவை எங்கே பிடிப்பார்? பேனல் விலை அவர் கையில் இல்லை, வட்டி வங்கி கையில். பேசிக் குறைக்க முடிகிற ஆட்கள் இரண்டே பேர்: மாட்டிக் கொடுக்கிற கான்ட்ராக்டர், நிலத்துக்காரர். அதாவது நானும் நீங்களும்.

உங்கள் கையில் ஒரு துருப்பு இருக்கலாம். நிலத்திலிருந்து துணை மின்நிலையம் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். மெகாவாட்டுக்கு நாலைந்து ஏக்கர் வேண்டும், மானாவாரி நிலம் நம் ஜில்லாவில் கிடக்கிறது. ஆனால் கரண்டைக் கொண்டுபோய்ச் சேர்க்க லைன் இழுக்க வேண்டும், ஒவ்வொரு கிலோமீட்டரும் செலவு, ஒவ்வொரு வயல்காரரும் ஒரு பஞ்சாயத்து. பக்கத்தில் துணை மின்நிலையமும் அதில் இடமும் இருந்தால், உங்கள் 30 ஏக்கர் பத்து மைல் தள்ளியிருக்கிற 300 ஏக்கரை விட ஒசத்தி. புரோக்கர் உங்களிடமே அலைவதைப் பார்த்தால் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

ஒப்பந்தம் புரோக்கரோடு வேண்டாம், கம்பெனியோடு, பதிவு செய்து. குத்தகை எத்தனை வருடத்துக்கு ஒருமுறை எவ்வளவு ஏறும் என்பது எழுத்தில் வர வேண்டும். 28 வருடத்துக்கு ஒரே தொகை என்றால் பேரன் காலத்தில் அது டீக்காசு. கம்பெனி கை மாறினால் என்ன, மூடினால் இரும்பையும் கான்கிரீட்டையும் யார் தோண்டி எடுப்பது, பாதையும் ஓடையும் யாருக்கு, இதெல்லாம் இல்லாத பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வக்கீலுக்குக் கொடுக்கிற காசை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் பக்கம் காற்றாடி நிறைய. சோலார் வந்ததால் காற்றாலைத் தொழில் படுத்துவிடுமா? (பணகுடி)

பதில்: கன்னத்தில் ஓர் அறை விழுந்தது, படுக்கவில்லை. 2017 பிப்ரவரியில் காற்றாலைக்கு நாட்டில் முதல் ஏலம் நடந்தது, யூனிட் 3.46. மே மாதம் பட்லாவில் சோலார் 2.44-க்கு வந்ததும் வாங்குகிறவர்கள் காற்றாலைக்காரரைப் பார்த்த பார்வையே மாறிவிட்டது. அந்த வருட டிசம்பரிலேயே குஜராத்தில் காற்றுக் கரண்ட் 2.43-க்கு வந்து நின்றது.

ஆனால் வைகாசியிலிருந்து புரட்டாசி வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று, பொழுது சாய்ந்த பிறகும் வீசும். குற்றாலத்தில் சாரல் விழுந்து தென்காசிப் பக்கம் மேகம் மூடிக்கிடக்கிற ஆனி ஆடியில் பேனல் சுணங்கும், காற்றாடி சுற்றும். இரண்டும் பங்காளிகள்தான். பாபநாசத்தில் 1944-லிருந்து தண்ணீரில் மின்சாரம், கூடங்குளத்தில் ஆயிரம் ஆயிரம் மெகாவாட்டாக இரண்டு அணு உலை, முப்பந்தலைச் சுற்றிக் காற்று, இப்போது வெயில். ஒரே சீமையில் நாலும் பார்க்கலாம். ராத்திரி பத்து மணிக்கு உங்கள் தெருவில் கரண்ட் போவதற்கு மட்டும் இவை எதுவும் காரணமில்லை. அது டிரான்ஸ்பார்மர்.

கேள்வி: 2023 டிசம்பர் வெள்ளத்தில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. மாடியில் 5 கிலோவாட் சோலார் இருந்தும் ஒரு பல்பு எரியவில்லை. எங்களை ஏமாற்றிவிட்டார்களா? (ஏரல்)

பதில்: ஏமாற்றவில்லை, சொல்லாமல் விட்டுவிட்டார்கள். உங்களுடையது ஆன்-கிரிட். ஈபி லைனில் கரண்ட் நின்றால் இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும். நின்றே ஆக வேண்டும். இல்லையென்றால் கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிற லைன்மேன் மேல் உங்கள் வீட்டுக் கரண்ட் பாயும். விற்கும்போது இதை முதலில் சொல்ல வேண்டும். சொன்னால் பாதிப் பேர் "அப்போ எதுக்கு?" என்று எழுந்துபோய்விடுவார்கள் என்று பலர் சொல்வதில்லை.

அந்த 17, 18 தேதிகளை மறக்க முடியுமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. தாமிரபரணி ஆறு திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்குள் வந்துவிட்டது. எங்கள் தெருவிலும் கரண்ட் இல்லை. என் கடை மாடியில் வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்காக வைத்திருந்த புது ஆன்-கிரிட் செட் செத்துக் கிடந்தது. விற்காமல் தங்கிப்போன அந்த 75 வாட் பேனல் மட்டும் ஒரு பழைய பேட்டரியோடு ஓரமாகக் கிடந்தது. மழை வெறித்த மறுநாள் அதை வெயிலில் திருப்பி வைத்து, பழைய கார் சார்ஜர் இரண்டைக் கோத்துவிட்டேன். பத்து மணிக்குள் பதினேழு செல்போன் வரிசையில். அடையாளம் தெரிய ஒவ்வொன்றிலும் பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதினோம். வெளியூர் மகனிடம் "உயிரோடதான் இருக்கேன்லே" என்று சொல்ல ஒருவருக்கு ஆறு சதவீத சார்ஜ் போதுமாக இருந்தது. 2009-ல் போட்ட 12,000 ரூபாய் அன்றைக்குத்தான் வசூலானது.

இப்போது ஹைபிரிட் இன்வெர்ட்டர் வருகிறது. லித்தியம் பேட்டரியோடு போட்டால் லைன் போனாலும் வீட்டுக்குள் மட்டும் கரண்ட் ஓடும். பேட்டரி விலை வருடத்துக்கு வருடம் இறங்குகிறது. வீடு முழுக்க வேண்டாம், இரண்டு விளக்கு, ஒரு ஃபேன், பிரிட்ஜ், போன் சார்ஜர் என்று ஒரு தனி லைன் பிரித்து அதற்கு மட்டும் போடுங்கள். செலவு பாதியாகும்.

கேள்வி: மண்டையைப் பிளக்கிற வெயில் நம் ஊரில். அப்போது கரண்டும் இங்கேதானே அதிகம் வரும்? (பேட்டை)

பதில்: பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அல்ல. பெட்டியில் எழுதியிருக்கிற 550 வாட் என்பது செல் 25 டிகிரியில் இருக்கும்போது. சித்திரை மத்தியானம் நம் தட்டட்டியில் செல் 60 டிகிரியைத் தாண்டும். அதற்கு மேல் ஏறுகிற ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரு சதவீதத்தில் மூன்றில் ஒரு பங்குபோலக் கரண்ட் குறையும். என் வீட்டு மீட்டரில் உச்சம் மாசி, பங்குனியில்தான்.

கேள்வி: என் மகன் டிப்ளமா முடித்திருக்கிறான். சோலார் கடை வைக்கட்டுமா? நல்ல லாபமாமே? (அம்பாசமுத்திரம்)

பதில்: யார் சொன்னது? இந்தத் தொழிலில் வாசல் இரண்டு விதம். பாலிசிலிக்கன் ஆலைக்குள் போக ஆயிரம் ஆயிரம் கோடி வேண்டும். பேனல் மாட்டுகிற தொழிலுக்கு ஒரு டிரில்லிங் மெஷின், ஏணி, விசிட்டிங் கார்டு. அதனால் ஏ.சி. மெக்கானிக், சிசிடிவி மாட்டுகிறவர், மொபைல் கடைக்காரர் எல்லாரும் வந்துவிட்டார்கள். பாளையங்கோட்டையில் என் தெருவிலேயே இப்போது நாலு போர்டு. ஒருவர் 5,000 குறைத்தால் அடுத்தவர் 6,000 குறைக்கிறார். அந்த 6,000 எங்கிருந்து வருகிறதென்று வள்ளியூர் போல்ட்டைக் கேட்டால் சொல்லும்.

நானும் அடிபட்டவன்தான். பல வருடத்துக்கு முன் ஒரு மொத்த வியாபாரியிடம் மலிவாகக் கிடைக்கிறதே என்று 40 பேனல் வாங்கிப் பல வீடுகளில் மாட்டினேன். ஆறாவது வருடம் பின்பக்க ஷீட் வெயிலில் வெடித்து அப்பளம் மாதிரி உரிய ஆரம்பித்தது. கையில் 25 வருட வாரண்டிக் காகிதம் இருந்தது, அதைக் கொடுத்த கம்பெனி இல்லை. மொத்த வியாபாரி போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். ஒன்பது வீட்டுக்கு என் கைக்காசில் மாற்றிக் கொடுத்தேன். மற்றவர்களுக்கு முடியவில்லை, அவர்களில் இரண்டு பேர் இன்னமும் என்னைத் தேர்த் திருவிழாவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். கடை நிலைத்தது அந்த ஒன்பது வீட்டுக்காரர்கள் அனுப்பிய ஆட்களால்.

பையனை முதலில் ஒரு வருடம் யாரிடமாவது கூலிக்கு மாடி ஏறச் சொல்லுங்கள். வெயிலில் சூடான பைப்பைப் பிடித்துப் பார்க்கட்டும், எர்த் குழி தோண்டட்டும். இன்வெர்ட்டர் ரிப்பேர் கற்றுக்கொண்டால் இன்னும் நல்லது, விற்க ஆயிரம் பேர் வருகிறார்கள், ரிப்பேருக்கு ஆள் கிடைப்பதில்லை. அப்புறம் கடை வைக்கட்டும். அம்பாசமுத்திரத்திலேயே வைக்கட்டும். பாளையங்கோட்டையில் இடம் இல்லை.